பி.சி.பி. வரைய எந்த மென்பொருள்? வடசென்னையிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

வியாசர்பாடி, பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வீட்டிலேயே மேசை போட்டு எலக்ட்ரானிக்ஸ் செய்கிறவர்கள் நிறையப் பேர். பாலிடெக்னிக் மாணவர்கள், ஐ.டி.ஐ. முடித்தவர்கள், டி.வி. ரிப்பேர் கடைக்காரர்கள், மீன் தொட்டி விளக்கைத் தானாக எரிய வைக்கப் பார்க்கிறவர்கள் என்று பல ரகம். சோல்டர் இல்லாமல் வயர் குத்திப் பார்க்கும் பிரெட்போர்டில் ஓடிய சர்க்யூட்டைச் சொந்த பி.சி.பி.யாக, அதாவது வயருக்குப் பதில் காப்பர் கோடுகள் உள்ள போர்டாக ஆக்க நினைக்கும்போது இவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை கீழே இருக்கின்றன.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை எடுப்பது?

கீகேட். இலவசம், போர்டு அளவுக்கு வரம்பு இல்லை, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஒரே ஒரு போர்டுதான் தேவை, அதுவும் அவசரம், நெட் நன்றாக இருக்கிறது என்றால் பிரவுசரில் வரையும் ஈஸிஇடிஏவில் முடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது போர்டு செய்வீர்கள் என்று மனதில் பட்டால் முதல் போர்டையே கீகேட்டில் போடுவது நல்லது.

டாட் போர்டு போதாதா? இதற்கெல்லாம் மென்பொருள் கற்க வேண்டுமா?

ஒன்றே ஒன்று செய்யப் போகிறீர்கள், ஒரு ஐசி, பத்துப் பதினைந்து பார்ட்தான் என்றால், வரிசையாக ஓட்டை போட்டு விற்கும் டாட் போர்டில் வயர் வைத்துச் சோல்டர் செய்தால் போதும். அதே சர்க்யூட்டை மூன்று பேருக்குச் செய்து தர வேண்டும், அல்லது ஓட்டையில் இறங்காமல் போர்டின் மேலேயே ஒட்டும் சின்ன எஸ்.எம்.டி. பார்ட் வருகிறது, அல்லது ஆறு மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் எந்த வயர் எங்கே போகிறது என்று புரிய வேண்டும் என்றால் வரைந்துவிடுங்கள். ஒழுங்காக வரைந்த ஸ்கீமேட்டிக் (சர்க்யூட் படம்) இருந்தால், போர்டு பழுதானாலும் வேறொருவர் சரி செய்து தர முடியும். அதற்காக மட்டுமே கூடக் கற்கலாம் என்பது என் கருத்து.

கீகேட்டை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள்? காசு கொடுத்து வாங்குவது இன்னும் நன்றாக இருக்காதா?

முதல் காரணம், நீங்கள் வரைந்த படம் உங்களிடமே இருக்கும். கீகேட் கோப்புகள் உங்கள் கணினியில், வெறும் எழுத்துக் கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. நோட்பேடில் திறந்தால்கூடப் படிக்கலாம். கணக்கு தொடங்க வேண்டாம், லாகின் வேண்டாம், சந்தா முடிந்தது என்று யாரும் பூட்ட முடியாது. பழைய கீகேட்டில் வரைந்ததைப் புதியது திறக்கும். ஆனால் புதியதில் சேமித்ததைப் பழையதில் திறக்க முடியாது. ஆகவே இருவர் சேர்ந்து ஒரு போர்டு செய்தால் இருவரும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அது நேற்று முளைத்ததல்ல. பிரான்சில் கிரெனோபிள் நகரத்துக் கல்லூரி ஆசிரியர் ழான்-பியர் ஷராஸ் 1992-இல் தொடங்கியது. பிறகு ஜெனீவாவில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடம் தன் பொறியாளர்களை வைத்தே இதற்கு உழைத்தது. டிராக் (பார்ட்டுகளை இணைக்கும் காப்பர் கோடு) இழுக்கும்போது மற்ற டிராக்குகளைத் தள்ளி வழி ஏற்படுத்தும் வசதி அப்படி வந்ததுதான். 2019-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் சேர்ந்தது. அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது: 7 வந்தது 2023 பிப்ரவரியில், 8 வந்தது 2024 பிப்ரவரியில், 9 வந்தது 2025 பிப்ரவரியில்.

காசு கொடுத்து வாங்கும் ஆல்டியம் போன்றவை தொழிற்சாலைக்கு ஏற்றவை. பல பேர் ஒரே போர்டில் வேலை செய்வது, மிக வேகமான சிக்னல்கள், ஆயிரக்கணக்கான பார்ட்டுகளின் கணக்கு என்று அவற்றின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. மீன் தொட்டி டைமருக்கும் தண்ணீர் டேங்க் அலாரத்துக்கும் அந்த விலை தேவையே இல்லை.

எங்கள் கல்லூரியில் ஈகிள் கற்றுத் தந்தார்கள். அதையே தொடரலாமா?

வேண்டாம். ஈகிளின் கதையைத் தெரிந்துகொண்டால் மேலே சொன்ன முதல் காரணம் இன்னும் தெளிவாகும். ஜெர்மனியின் கேட்சாஃப்ட் நிறுவனம் 1988-இல் வெளியிட்டது அது. இருபது வருடங்களுக்கு மேல் உலகம் முழுக்கப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் அதைத்தான் பயன்படுத்தினார்கள். 2016-இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. அடுத்த ஆண்டே ஒருமுறை காசு கட்டி வாங்கும் முறை போய்ச் சந்தா முறை வந்தது. 2023-இல், 2026 ஜூன் 7-ஆம் தேதியோடு ஈகிள் முடிகிறது என்று அறிவித்தார்கள்.

அதன் வாரிசு, ஆட்டோடெஸ்கின் முப்பரிமாண வரைவு மென்பொருளான ஃபியூஷனுக்குள் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான இலவச ஃபியூஷனில் இரண்டு ஸ்கீமேட்டிக் தாள், இரண்டு லேயர் (காப்பர் அடுக்கு), 80 சதுர செ.மீ. போர்டு என்று எல்லை வைத்திருக்கிறார்கள். பெட்டி, மூடி எல்லாம் முப்பரிமாணத்தில் வரைந்து 3டி பிரிண்ட் செய்கிறவர்களுக்கு அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நிபந்தனைகளை எப்போது மாற்றுவது என்பது அவர்கள் கையில் இருக்கிறது.

உங்களிடம் பழைய ஈகிள் கோப்புகள் இருந்தால் கீகேட்டில் நேரடியாக உள்ளே இழுக்கலாம். ஈகிள் உங்கள் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்து, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தரைத்தளக் காப்பரும் (காலி இடத்தை நிரப்பும் கிரவுண்ட் காப்பர்) எழுத்துகளும் சில இடங்களில் நகர்ந்திருக்கும், அவற்றைக் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

ஈஸிஇடிஏ சுலபம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதில் என்ன குறை?

சுலபம் என்பது உண்மை. பிரவுசரில் திறந்து வரைய வேண்டியதுதான். பார்ட்டைத் தேடினால் படம், ஃபுட்பிரிண்ட் (பார்ட்டின் கால்கள் போர்டில் உட்காரும் இட அமைப்பு), விலை, ஸ்டாக் எல்லாம் சேர்ந்து வரும். வரைந்து முடித்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் சீனாவில் ஷென்ஷென் நகரத்து ஜே.எல்.சி.பி.சி.பி.யில் ஆர்டர் போட்டுவிடலாம், பார்ட்டைச் சோல்டர் செய்தே அனுப்பச் சொல்லலாம். ஈஸிஇடிஏ, எல்.சி.எஸ்.சி. என்ற பார்ட்ஸ் கடை, ஜே.எல்.சி. மூன்றும் ஒரே குடும்பம். அதனால்தான் இவ்வளவு வழவழப்பு.

நம் ஊரில் சிக்கல் வருவதும் அங்கேதான். அந்த மென்பொருள் காட்டும் பார்ட் ஷென்ஷென் கிடங்கில் இருக்கிறது. நீங்கள் வாங்கப் போவதோ சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில். அங்கே இருக்கும் ரிலே, ஸ்க்ரூ டெர்மினல், புஷ் பட்டன் எல்லாம் வேறு அளவாக இருக்கலாம். போர்டு வந்த பிறகு கால் ஓட்டையில் இறங்காது. ஜே.எல்.சி.யிலேயே சோல்டர் செய்து வாங்குவதானால் பிரச்சினை இல்லை. இங்கே பார்ட் வாங்கி நீங்களே சோல்டர் செய்வதானால், மென்பொருள் நீட்டுகிற பார்ட்டை நம்பி வரையாதீர்கள்.

இன்னொன்று, அதன் நூலகத்தில் பயனர்கள் தாமாகச் சேர்த்த பார்ட்டுகளும் கலந்திருக்கும். ஒரே ஐசிக்குப் பல பதிவுகள் வரும், எல்லாம் சரியாக இருக்காது. அப்புறம் நெட். கடற்கரை ஓரத் தெருக்களில் மழைக்காலத்தில் கேபிள் இணைப்பு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. புரோ பதிப்பில் கணினியில் நிறுவி ஆஃப்லைனாக வேலை செய்யும் வழி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் கோப்பும் உங்கள் டிஸ்கில் இருக்கும். ஈஸிஇடிஏதான் என்று முடிவு செய்தவர்கள் அந்த வழியில் போங்கள். பிற்பாடு மனம் மாறினாலும் கீகேட் 8-ஆம் பதிப்பு முதல் ஈஸிஇடிஏ கோப்புகளைக் கீகேட்டுக்குள் இழுக்க முடிகிறது.

பிராட்டியஸ் கிராக் பதிப்பு நண்பன் பென் டிரைவில் இருக்கிறது. போடலாமா?

போடாதீர்கள். கிராக் கோப்போடு என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் அப்பாவின் வங்கி வேலையும் அதே கணினியில் நடக்கும். பிராட்டியஸ் நல்ல மென்பொருள். மைக்ரோகண்ட்ரோலரில் உங்கள் புரோகிராமை ஏற்றி, சர்க்யூட்டோடு சேர்த்து ஓட்டிப் பார்க்க முடிவதால்தான் நம் கல்லூரிகளில் பிடித்துப்போனது. கல்லூரி லேபில் உரிமத்தோடு இருந்தால் அங்கேயே பயன்படுத்துங்கள்.

வீட்டில் அதே வேலைக்கு இலவச வழிகள் இருக்கின்றன. ஆர்டுயினோ, ஈ.எஸ்.பி.32 புரோகிராமை ஓட்டிப் பார்க்க வோக்வி என்ற தளம் பிரவுசரிலேயே வேலை செய்யும். ஆம்ப்ளிஃபையர், ஃபில்டர், பவர் சப்ளை போன்ற அனலாக் வேலைக்கு எல்.டி.ஸ்பைஸ் இலவசம். கீகேட்டுக்குள்ளும் என்ஜிஸ்பைஸ் என்ற சிமுலேட்டர் இருக்கிறது, வரைந்த ஸ்கீமேட்டிக்கையே அதில் ஓட்டலாம்.

ஃப்ரிட்சிங், டிப்டிரேஸ், லிப்ரேபிசிபி?

ஃப்ரிட்சிங் ஜெர்மனியில் போட்ஸ்டாம் கல்லூரியில் பிறந்தது. பிரெட்போர்டைப் பார்த்தபடியே வரையலாம் என்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்கு வயரிங் சொல்லிக்கொடுக்க அருமை. தயார் நிலையில் தரவிறக்கச் சிறு தொகை கேட்பார்கள். போர்டு வரைய அதை நான் பரிந்துரைப்பதில்லை. டிப்டிரேஸின் இலவசப் பதிப்பில் 300 பின், இரண்டு லேயர் வரை வரையலாம், சின்ன வேலைக்குப் போதும். லிப்ரேபிசிபி 2023-இல் 1.0 ஆனது. எளிமையானது, திறந்த மூலம். ஆனால் தயாராகக் கிடைக்கும் பார்ட்டுகள் கீகேட்டை விடக் குறைவு.

வீட்டில் இருப்பது அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப். கீகேட் ஓடுமா?

எந்த ஆண்டு லேப்டாப் என்பதைப் பொறுத்தது. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஆரம்ப ஆண்டு மெஷின்களில் நினைவகம் குறைவு. விண்டோஸ் 7-இல் இப்போதைய கீகேட் பதிப்புகள் ஓடாது. அந்த லேப்டாப்பில் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள், எக்ஸ்.எஃப்.சி.இ. டெஸ்க்டாப் உள்ளதாக. நினைவகத்தை 4 ஜி.பி. ஆக்க முடிந்தால் ஆக்குங்கள், பழைய ரேம் ரிச்சி தெருவில் குறைந்த விலையில் கிடைக்கும். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் மெஷின் புத்துயிர் பெறும். கிராபிக்ஸ் சிக்கல் வந்தால் கீகேட்டின் அமைப்புகளில் வேகக் கிராபிக்ஸை நிறுத்திவிட்டு மாற்று முறையைத் தேர்ந்தெடுக்கலாம். மெதுவாக இருக்கும், ஆனால் இரண்டு லேயர் சின்ன போர்டு வரைய முடியும்.

நிறுவும் கோப்பு ஒரு ஜி.பி. அளவில் இருக்கும். அதில் பெரும்பகுதி 3டி மாடல்கள்தான். மொபைல் டேட்டாவில் இறக்குகிறவர்கள் 3டி மாடல்களை விட்டுவிட்டு நிறுவலாம். லினக்ஸில் அது தனிப் பொதியாகவே வரும்.

போனில் வரைய முடியாதா?

விரலால் டிராக் இழுக்கும் வேலை சரிப்பட்டு வராது. ஸ்கீமேட்டிக் பார்க்கவும் டேட்டாஷீட் படிக்கவும் போன் போதும், வரைய ஒரு மௌஸ் கட்டாயம். கணினி இல்லாதவர்கள் கல்லூரி லேபிலோ நண்பர் வீட்டிலோ வரைந்து, கோப்பைப் பென் டிரைவில் எடுத்துப் போகலாம். எழுத்துக் கோப்பு என்பதால் சில நூறு கே.பி.தான் வரும்.

முதல் போர்டாக என்ன செய்வது?

கொளத்தூர் வண்ண மீன் சந்தையைச் சுற்றி இருப்பவர்களுக்கு நான் சொல்வது மீன் தொட்டி விளக்கு டைமர். ஒரு ஆர்டுயினோ நானோ, நேரம் காட்டும் டி.எஸ்.3231 மாட்யூல், 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையை ஓட்ட, சுவிட்ச் போல வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட், இரண்டு பட்டன், இரண்டு ஸ்க்ரூ டெர்மினல். 230 வோல்ட் உள்ளே வராது, 12 வோல்ட் அடாப்டர் போதும். எல்லாம் ஓட்டையில் இறங்கும் பார்ட்டுகள். மேசையில் உட்கார்ந்து ஒரு சில வார இறுதிகளில் முடிக்கலாம்.

இதில் ஸ்கீமேட்டிக் வரைவது, ஃபுட்பிரிண்ட் ஒதுக்குவது, பார்ட்டுகளை இடம் வைப்பது, டிராக் இழுப்பது, தரைத்தளம் நிரப்புவது, சோதிப்பது எல்லாம் ஒருமுறை வந்துவிடும். நான்கு லேயர் போர்டு வரைகிறவரும் இதே வரிசையில்தான் போகிறார்.

ஃபுட்பிரிண்ட் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுப்பேன். எந்த மென்பொருளாக இருந்தாலும் வீணாகும் போர்டுகளில் பெரும்பாலானவை இங்கேதான் வீணாகின்றன.

ஸ்கீமேட்டிக்கில் இருப்பது ஒரு குறியீடு மட்டும். அந்தக் குறியீட்டின் 1-ஆம் எண் கால், நிஜப் பார்ட்டின் எந்தக் கால் என்பதை ஃபுட்பிரிண்ட் சொல்கிறது. பி.சி.547 டிரான்சிஸ்டரைத் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பி.என்.2222 அதே உருவம், ஆனால் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். கடையில் ஒன்று இல்லை என்று மற்றதைக் கொடுத்தால் உருவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 7805 ரெகுலேட்டரில் இன்புட், கிரவுண்ட், அவுட்புட் என்று வரும். எல்.எம்.317-இல் அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். இரண்டும் அதே டி.ஓ.220 உடம்பு.

அதனால் வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் பார்ட்டை வாங்குங்கள், பிறகு போர்டை வரையுங்கள். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் மெட்ரோவில் ஏறினால் மாறாமலே அண்ணா சாலை வரை போய்விடலாம், ரிச்சி தெரு அங்கிருந்து பக்கம். ரிலே, டெர்மினல், பட்டன், பொட்டென்ஷியோமீட்டர், டி.சி. ஜாக் இவற்றைக் கையில் வாங்கி வந்து, வெர்னியர் காலிப்பரால் கால் இடைவெளியை அளந்து, மென்பொருளில் இருக்கும் ஃபுட்பிரிண்டோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் கீகேட்டில் புது ஃபுட்பிரிண்ட் வரைவது கஷ்டமே இல்லை. இருக்கும் ஒன்றை நகல் எடுத்து, பேடுகளை (காலைச் சோல்டர் செய்யும் காப்பர் இடங்களை) நகர்த்திச் சேமிக்க வேண்டியதுதான்.

வரைந்து முடித்ததும் போர்டை ஒன்றுக்கு ஒன்று அளவில் தாளில் அச்சிடுங்கள். ஜெராக்ஸ் கடையில் ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வை எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அளவு சுருங்கிவிடும். ஸ்கேல் வைத்து ஓர் ஓரத்தை அளந்து உறுதி செய்த பிறகு, தாளை ஒரு தெர்மாகோல் துண்டின் மேல் வைத்துப் பார்ட்டுகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள். இறங்காத கால் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு ரூபாய்ப் பிரிண்டில் ஒரு முழு போர்டு ஆர்டர் தப்பிக்கும்.

வீட்டிலேயே எட்ச் செய்வதானால் (வேண்டாத காப்பரைக் கரைத்து போர்டு எடுப்பதானால்) மென்பொருளில் என்ன மாற்ற வேண்டும்?

கீகேட்டின் ஆரம்ப அளவுகள் தொழிற்சாலைக்கானவை. டோனர் முறையில், அதாவது அச்சிட்ட தாளைக் காப்பர் கிளாடின் (காப்பர் ஒட்டிய பலகையின்) மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து எடுப்பவர்கள் டிராக் அகலம் 0.8 மி.மீ., இடைவெளி 0.5 மி.மீ., பேட் விட்டம் 2 மி.மீ. என்று தொடக்கத்திலேயே மாற்றிவிட்டு வரையுங்கள். கை பழகிய பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஒரே பக்கம் காப்பர் என்றால் எல்லா டிராக்கையும் கீழ் லேயரில் போடுங்கள். தாண்ட முடியாத இடத்தில் மேலே ஒரு ஜம்பர் வயர் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிப் பிம்பமா, நேர் பிம்பமா என்று பலருக்குக் குழப்பம் வருகிறது. கீழ் லேயரை அப்படியே அச்சிட வேண்டும், திருப்பக் கூடாது. அந்த லேயரில் ஓர் எழுத்தை வைத்துப் பாருங்கள். தாளில் அது திரும்பித் தெரிந்தால் போர்டில் நேராக வரும். லேசர் பிரிண்டோ ஜெராக்ஸோதான் வேண்டும், இங்க்ஜெட் ஒட்டாது.

காப்பரைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலைப் பிளாஸ்டிக் தட்டில் வையுங்கள், எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள். பயன்படுத்திய கரைசலை மூடியுள்ள கேனில் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். சாக்கடையில் மட்டும் ஊற்ற வேண்டாம். அதில் கரைந்திருக்கும் காப்பர் ஓட்டேரி நல்லாவுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும்தான் போய்ச் சேரும். அந்தத் தண்ணீர் ஏற்கெனவே படுகிற பாடு போதும்.

வெளியே செய்யக் கொடுப்பதானால்?

எந்த மென்பொருளில் வரைந்தாலும் கடைசியில் கொடுப்பது, ஒவ்வொரு லேயரின் வடிவத்தையும் தொழிற்சாலைக்குச் சொல்லும் கெர்பர் கோப்புகள்தான். இரண்டு லேயர் போர்டுக்கு மேலும் கீழும் காப்பர், மேலும் கீழும் பச்சை மாஸ்க் (காப்பரை மூடும் பூச்சு), மேலும் கீழும் எழுத்து, வெளிக்கோடு, இவற்றோடு துளைக்கான கோப்பு. எல்லாவற்றையும் ஒரு ஜிப்பாகக் கொடுத்தால் உலகத்தில் எந்த பி.சி.பி. தொழிற்சாலையும் செய்து தரும். அனுப்பும் முன் கீகேட்டோடு வரும் கெர்பர் பார்வைக் கருவியில் திறந்து பாருங்கள். வெளிக்கோடு விடுபட்டிருக்கிறதா, துளைகள் பேட்டின் நடுவில் விழுகின்றனவா என்று பார்த்தால் போதும்.

சீனாவில் 100-க்கு 100 மி.மீ.க்குள் இரண்டு லேயர் போர்டு மிக மலிவு. ஆனால் கூரியரும் சுங்கமும் சேரும்போது போர்டு விலையை அது பல மடங்கு தாண்டிவிடும், கூரியர்காரர் அடையாள ஆவணமும் கேட்பார். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைப்பது நல்லது. இந்தியாவிலேயே குஜராத்தின் பி.சி.பி. பவர், பெங்களூரின் லயன் சர்க்யூட்ஸ் போன்றவை இணையத்தில் கெர்பர் வாங்கிச் செய்து தருகின்றன. ரூபாயில் கட்டலாம், சுங்கக் கவலை இல்லை. எந்த இடமாக இருந்தாலும் அவர்கள் செய்யக்கூடிய மிகச் சிறிய டிராக், இடைவெளி, துளை அளவுகளை முதலில் கேட்டு, அவற்றை மென்பொருளின் விதிகளில் எழுதிவிட்டு வரையத் தொடங்குங்கள். டி.ஆர்.சி. என்ற சோதனை அந்த விதிகளை வைத்துத்தான் தப்பைக் காட்டும்.

டிராக்கைத் தானாக இழுக்கும் ஆட்டோரவுட்டர் இருக்கிறதா?

ஈஸிஇடிஏவில் உண்டு. கீகேட்டில் உள்ளேயே இல்லை, ஃப்ரீரவுட்டிங் என்ற இலவசக் கருவியை இணைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் போர்டைக் கையால் இழுங்கள். பார்ட்டுகளைச் சரியாக இடம் வைத்துவிட்டால் டிராக் தானாக வழி காணும். இடம் தப்பாக வைத்தால் எந்த ரவுட்டரும் காப்பாற்றாது. பவர் டிராக்கின் அகலத்தையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வழக்கமான 35 மைக்ரான் காப்பரில், சூடு ஏறுவது 10 டிகிரிக்குள் நிற்க வேண்டுமானால் 1 ஆம்பியருக்குச் சுமார் 0.3 மி.மீ., 2 ஆம்பியருக்கு 0.8 மி.மீ., 3 ஆம்பியருக்கு 1.4 மி.மீ. தேவை. இடம் இருந்தால் இன்னும் அகலமாகவே போடுங்கள். இந்தக் கணக்குக்கான கருவி கீகேட்டுக்குள்ளேயே இருக்கிறது.

சம்ப் மோட்டார் கண்ட்ரோலர் செய்ய ஆசை. 230 வோல்ட்டை போர்டிலேயே கொண்டுவரலாமா?

முதல் போர்டில் வேண்டாம், தயவுசெய்து. மெட்ரோ வாட்டர் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட எழுந்து உட்காரும் வீடுகளில் இது நல்ல உதவி, ஆசை நியாயமானது. ஆனால் ஒரு எச்.பி. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரண்ட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். மேலே 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் நீல நிறச் சின்ன ரிலே அதைத் தாங்காது, காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். மோட்டார் நிற்காமல் ஓடும். ஆகவே உங்கள் போர்டு 5 அல்லது 12 வோல்ட்டோடு நிற்கட்டும். அது ரிலே மாட்யூலை இயக்கட்டும், ரிலே ஒரு காண்டாக்டரின் (மோட்டார் கரண்ட்டைத் தாங்கும் பெரிய ரிலே) காயிலை இயக்கட்டும், காண்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். அந்தப் பக்க வயரிங்கை எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

அனுபவம் வந்த பிறகு 230 வோல்ட்டைக் கொண்டுவரும்போது, மென்பொருளில் அந்த இணைப்புகளைத் தனி வகுப்பாகப் பிரித்து, குறை வோல்ட் பக்கத்திலிருந்து 6 மி.மீ.க்குக் குறையாத இடைவெளியை விதியாகவே எழுதிவிடுங்கள். ரிலேயின் காண்டாக்டுக்கும் காயிலுக்கும் நடுவில் போர்டையே வெட்டி ஓர் இடைவெளி விடலாம். அதை வெளிக்கோடு லேயரில் வரைந்தால் தொழிற்சாலையில் வெட்டித் தருவார்கள். தரைத்தளக் காப்பரை அந்தப் பக்கம் பரவ விடாதீர்கள்.

காசிமேடு, எண்ணூர் பக்கம் போர்டு சீக்கிரம் பச்சை பிடிக்கிறது. வரையும்போதே ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். உப்புக்காற்றும் ஈரமும் வெறும் காப்பரைத் தின்னும். வீட்டில் எட்ச் செய்த போர்டில் சோல்டர் படாத டிராக்குகள்தான் முதலில் போகும். வெளியே செய்யக் கொடுத்தால் வியாக்களை (மேல், கீழ் லேயர்களை இணைக்கும் துளைகளை) மாஸ்க்கால் மூடும் தேர்வை மென்பொருளில் போடுங்கள், தேவையில்லாமல் காப்பரைத் திறந்து வைக்காதீர்கள், இடம் இருந்தால் டிராக் இடைவெளியைக் கூட்டுங்கள். பட்டன் பேட், கனெக்டர் விளிம்பு போலத் திறந்தே இருக்க வேண்டிய காப்பர் இருந்தால் தங்கப் பூச்சு கேட்கலாம், விலை கூடும். சோல்டர் செய்த பிறகு ஒட்டியிருக்கும் ஃப்ளக்ஸை ஐ.பி.ஏ. (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) கொண்டு கழுவி, காய வைத்து, ஈரம் படாமல் காக்கும் அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்ப்ரே அடியுங்கள். கனெக்டர் வாயை டேப்பால் மூடிவிட்டு அடிக்க வேண்டும். படகில் வைக்கும் பேட்டரி மீட்டர் மாதிரி வேலைகளுக்கு ஸ்க்ரூ துளைகளை நான்கு மூலையிலும் வரைந்துவிடுங்கள், என்ஜின் அதிர்வில் இரண்டு போதாது.

போர்டின் மேல் தமிழில் எழுத முடியுமா?

முடியும், இதை எல்லாரும் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. கீகேட் 7-லிருந்து கணினியில் இருக்கும் எழுத்துருவை போர்டின் எழுத்து லேயரில் பயன்படுத்த முடிகிறது. கொம்பும் காலும் சரியாகச் சேர்கின்றனவா என்று 3டி பார்வையில் பாருங்கள். ஆங்கில எழுத்துக்கு 1 மி.மீ. உயரம் போதும். நம் எழுத்துக்கு 2 மி.மீ.க்குக் குறைத்தால் சுழிகள் அடைத்துக்கொள்ளும், கோடு 0.15 மி.மீ.க்கு மெலிந்தால் அச்சில் விடுபடும். எழுத்துரு தகராறு செய்தால், சொல்லைப் படமாகச் சேமித்துக் கீகேட்டின் படம் மாற்றும் கருவி வழியாக உள்ளே கொண்டுவரலாம். ‘மோட்டார்’, ‘தண்ணீர் அளவு’, ‘12 வோல்ட்’ என்று டெர்மினல் பக்கத்தில் எழுதியிருந்தால், நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் வீட்டில் இருப்பவர்கள் வயரைச் சரியாக மாட்டுவார்கள்.

செய்த போர்டை விற்கலாமா? இலவச மென்பொருளில் வரைந்ததால் தடை உண்டா?

கீகேட்டில் தடை இல்லை. ஜி.பி.எல். என்ற அதன் திறந்த மூல உரிமம் மென்பொருளுக்கு மட்டுமே, உங்கள் போர்டைக் கட்டுப்படுத்தாது. அதன் பார்ட் நூலகத்தின் உரிமத்திலும், நூலகத்தை வைத்து வரைந்த போர்டுக்கு விதிவிலக்கு எழுதியே வைத்திருக்கிறார்கள். ஃபியூஷனின் இலவச உரிமம் வியாபாரம் அல்லாத சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்பதைக் கவனியுங்கள். கடை வைத்திருப்பவர்கள் போர்டு செய்து விற்கும்போது கோப்பு, கெர்பர், பார்ட் பட்டியல் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் தேதி போட்டு வையுங்கள். அந்த ஃபோல்டரின் நகல் ஒன்று வேறொரு டிஸ்கில் இருக்கட்டும். வாடிக்கையாளர் இரண்டு வருடம் கழித்து அதே போர்டு இன்னும் பத்து வேண்டும் என்று வந்தால், எந்தக் கெர்பர் கடைசியாக அனுப்பியது என்று தேட வேண்டியிருக்காது.